‘இதர செலவுகள்’ என்ற வரியை ஒழியுங்கள்: மருத்துவ நலப்பணிகள் இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநர் அவர்களுக்கு,
டி.எம்.எஸ். வளாகம், தேனாம்பேட்டை, சென்னை.

வணக்கம்.

தனியார் மருத்துவமனை பில்களை வரி வரியாகப் பிரித்துப் பார்த்து, எந்தத் தொகை எதற்காக ஏறியது என்று குடும்பங்களுக்கு விளக்கும் வேலையைச் சென்னையில் செய்து வருகிறோம். கிரீம்ஸ் ரோட்டின் பெரிய மருத்துவமனை ஆனாலும் சரி, பெரம்பூரிலோ தாம்பரத்திலோ இருபது படுக்கை உள்ள நர்சிங் ஹோம் ஆனாலும் சரி, மறைமுகக் கட்டணம் ஏறும் வழிகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை உங்கள் முன் விரிவாக வைக்கிறோம். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-இல் வந்தது, அதற்கான விதிகள் 2018-இல் வந்தன. தனியார் மருத்துவமனைக்குப் பதிவுச் சான்று தருவது உங்கள் துறை. ஆகவே பில் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியதும் உங்கள் துறைதான் என்று நம்புகிறோம்.

எங்கள் கோரிக்கை ஒன்றே. உள்நோயாளி ஒவ்வொருவருக்கும் தினமும் மாலையில் அன்றைய பில் கையில் கிடைக்க வேண்டும். அதில் தேதி, பொருளின் பெயர், எண்ணிக்கை, ஒன்றின் விலை நான்கும் இருக்க வேண்டும். ‘மருந்து’, ‘கன்ஸ்யூமபிள்ஸ்’ (சிரிஞ்சு, கிளவுஸ் போல பயன்படுத்தித் தீரும் பொருள்கள்), ‘இதர செலவுகள்’ என்று ஒற்றை வரியில் மொத்தத் தொகை போடுவது கூடாது.

ஏன் தினமும் என்று கேட்பீர்கள். அறை வாடகை இவ்வளவு, ஆபரேஷன் இவ்வளவு என்று சேரும்போதே கவுண்டரில் சொல்லிவிடுகிறார்கள். அதை மறைப்பது அரிது. மறைவது எண்ணிக்கை. வார்டிலிருந்து நர்ஸ் கம்ப்யூட்டரில் மருந்து கேட்டு ‘இன்டென்ட்’ என்ற கோரிக்கை போட்ட நொடியில் அது நோயாளியின் கணக்கில் ஏறிவிடும். நோயாளிக்குப் போட்டார்களா இல்லையா என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது. மருத்துவர் மருந்தை மாற்றினாலோ, ஒரு வேளை நிறுத்தினாலோ, மிஞ்சியது பார்மசிக்குத் திரும்பி, ‘ரிட்டர்ன்’ என்று பதிவானால்தான் தொகை குறையும். ஷிப்ட் மாறும் நேரத்திலும் டிஸ்சார்ஜ் அன்று காலையிலும் இந்தப் பதிவுதான் முதலில் விட்டுப்போகிறது. இதில் பாதிக்கு மேல் கெட்ட எண்ணம் இல்லை, வேலைப் பளுதான் காரணம் என்பது எங்கள் கணிப்பு. ஆனால் பணம் போவது நோயாளியின் பையிலிருந்து. அன்றன்றே பார்த்தால் அந்த நர்ஸையே கேட்டுச் சரிசெய்துவிடலாம். ஏழாம் நாள் நாற்பது பக்க பில் வரும்போது முதல் நாள் இரவு நடந்ததை யாரிடம் கேட்பது?

சரிபார்க்கும் முறை எளிது. நோயாளியின் சிகிச்சைக் குறிப்புகள் அடங்கிய கேஸ் ஷீட்டில் ‘டிரக் சார்ட்’ என்று ஒரு தாள் இருக்கும். எந்த ஊசி எந்த நேரத்தில் போடப்பட்டது என்று நர்ஸ் கையெழுத்து வைக்கும் தாள் அது. ஓர் ஆன்டிபயாடிக் ஊசி நாளுக்கு இரண்டு வேளை என்று எழுதியிருக்கிறது என வைத்துக்கொள்வோம். திங்கள் இரவு சேர்ந்து வெள்ளி காலை ஊசி போட்டபின் வீட்டுக்குப் போனால், திங்கள் 1, செவ்வாய், புதன், வியாழன் தலா 2, வெள்ளி 1. மொத்தம் 8 குப்பி. பில்லில் 10 இருந்தால், 2 குப்பி வார்டில் இருக்கிறது, அல்லது ரிட்டர்ன் விட்டுப்போயிருக்கிறது. அதே 8 ஊசிக்கு எத்தனை சிரிஞ்சு, எத்தனை கலக்கும் நீர்க்குப்பி என்று அடுத்து எண்ணலாம். கையில் குத்தும் கேனுலா அடைத்துக்கொள்ளாவிட்டால், வீங்காவிட்டால் 3, 4 நாள் வரை தாங்கும். நான்கு நாளுக்கு ஐந்து கேனுலா இருந்தால் ஏன் மாற்றினார்கள் என்று கேட்கலாம். கேஸ் ஷீட்டில் காரணம் எழுதியிருந்தால் சரி.

இன்சுலின் இன்னொரு இடம். நம் ஊரில் மருத்துவமனைகளில் அதிகம் புழங்கும் குப்பி 10 மில்லி, ஒரு மில்லியில் 40 யூனிட், ஆக 400 யூனிட். நாளுக்கு மூன்று வேளை 10 யூனிட் என்றால் நான்கு நாளுக்கு 120 யூனிட்தான். ஒரு குப்பிக்குப் பணம் வாங்கினால் போதும், மிச்சத்தோடு அந்தக் குப்பி நோயாளியின் கையில் வரவேண்டும். இரண்டாவது குப்பியும் பில்லில் இருந்தால், முதல் குப்பி எங்கே என்பதே கேள்வி. களிம்பு, கண் சொட்டு, நெபுலைசர் மருந்து எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

ஆபரேஷன் தியேட்டரில் எண்ணுவது கடினம், குடும்பத்தார் உள்ளே போக முடியாது. அங்கே பொருள்களை ‘கிட்’ என்று கட்டாகப் போடுகிறார்கள். பிரிக்காத தையல் நூலும், பயன்படுத்தாத டிரெயினும் (காயத்து நீரை வடிக்கும் குழாய்) அந்தக் கட்டோடு பில்லில் வந்துவிடும். தியேட்டரில் பயன்படுத்திய பொருள்களின் பட்டியலை நர்ஸ் எழுதி, மருத்துவர் கையெழுத்திட்டு, அதன் நகலைப் பில்லோடு இணைக்க வேண்டும் என்று நீங்கள் ஆணையிட்டால் இது முடிந்துவிடும். அந்தத் தாள் பெரும்பாலான தியேட்டர்களில் ஏற்கெனவே எழுதப்படுகிறது. வெளியே வருவதில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது, ஒன்றுக்கே இரண்டு முறை வாங்குவது. அறை வாடகை, நர்சிங் சார்ஜ், டியூட்டி டாக்டர் சார்ஜ், ஹவுஸ்கீப்பிங் என்று நான்கு வரி போடும் பில்கள் உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ இதற்கென்றே நான்கு பட்டியல்கள் வைத்திருக்கிறது. முதல் பட்டியலில் 68 பொருள்கள்: டயபர், தெர்மாமீட்டர், போன் கட்டணம், உடன் இருப்பவருக்கான சாப்பாடு போன்றவை. பாலிசியில் தனியாகச் சேர்த்திருந்தால் தவிர காப்பீடு இவற்றுக்குத் தராது. இரண்டாவதில் 37. இவை அறை வாடகைக்குள்ளேயே அடங்கியவை. ஏசி கட்டணம், சுத்தப்படுத்தும் கட்டணம், ஊசி போடும் கட்டணம், பல்ஸ் ஆக்சிமீட்டர், கையில் கட்டும் பெயர்ப்பட்டை, ஃபைல் திறக்கும் கட்டணம், டிஸ்சார்ஜ் நடைமுறைக் கட்டணம், விசிட்டர் பாஸ், ‘இதர செலவுகள்’ எல்லாம் இதில் வருகின்றன. மூன்றாவதில் 23, ஆபரேஷன் கட்டணத்தில் அடங்கியவை: பஞ்சு, காஸ் துணி, பிளேடு, டேப், எக்ஸ்ரே ஃபிலிம். நான்காவதில் 18, சிகிச்சைக் கட்டணத்தில் அடங்கியவை: பதிவுக் கட்டணம், சிறுநீர்ப் பை, இன்ஃப்யூஷன் பம்ப், ஸ்பிரிட், குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்.

இந்தப் பட்டியல்கள் காப்பீட்டு நிறுவனங்களுக்காக எழுதப்பட்டவை. அதனால் நடப்பது என்ன? காப்பீடு ‘இது அறை வாடகையில் அடங்கியது’ என்று வெட்டும். மருத்துவமனை அதே தொகையை ‘நான்-மெடிக்கல்’ என்று பெயர் மாற்றி நோயாளியிடம் வாங்கும். காப்பீடு இல்லாதவரிடம் கேட்காமலே வாங்கிவிடும். அறையில் அடங்கிய பொருள் என்றால் யாருக்கும் அடங்கியதுதானே? இரண்டு, மூன்று, நான்காம் பட்டியல்களில் உள்ளவற்றைக் கைக்காசு கட்டும் நோயாளியிடமும் தனியாக வாங்கக்கூடாது என்று உங்கள் துறை ஒரு சுற்றறிக்கை விட்டால், சின்ன நர்சிங் ஹோம்களின் பில்லில்கூட ஒரு பக்கம் குறையும்.

ஐசியுவில் இது இன்னும் கூடுதல். நாள் கட்டணம் ஒரு வரி. அதற்குக் கீழே மானிட்டர், ஆக்சிஜன், சிரிஞ்சு பம்ப், வென்டிலேட்டர், ஐசியு டாக்டர் என்று தனித்தனி வரிகள். வென்டிலேட்டருக்கு நாள் கணக்கில் வாங்கும்போது ஆக்சிஜனுக்கு மணிக் கணக்கில் மறுபடியும் வாங்குகிறார்களா என்று பார்க்க வேண்டும். வார்டு அறையைக் காலி செய்யாமல் ஐசியுவுக்கு மாற்றினால் இரண்டு வாடகையும் ஓடும். பெட்டி படுக்கை அறையில் இருக்கிறது என்பதற்காகக் குடும்பம் அறையை வைத்துக்கொண்டால், அதற்கு எவ்வளவு என்று அன்றே எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

ரத்தப் பரிசோதனை வரிகளிலும் இரட்டிப்பு ஒளிந்திருக்கும். கல்லீரல் பரிசோதனைத் தொகுப்பு என்று ஒரு வரி. அதே தேதியில் பிலிருபின், எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்று தனி வரிகள். மூன்றும் அந்தத் தொகுப்பில் உள்ளவைதான். சிறுநீரகத் தொகுப்போடு யூரியா, கிரியாட்டினின் தனியாக வருவதும் இதே வகை. ரிப்போர்ட்டில் மாதிரி எடுத்த நேரம் அச்சாகியிருக்கும். ஒரே நேரம் என்றால் ஒரே ரத்தம், ஒரே கட்டணம்தான் இருக்க வேண்டும். ரிப்போர்ட்டே இல்லாத பரிசோதனை பில்லில் இருந்தால் அதைத் தயங்காமல் அடிக்கச் சொல்லலாம்.

நாள் கணக்கைப் பற்றிக் கொஞ்சம். சில மருத்துவமனைகள் சேர்ந்த நேரத்திலிருந்து 24 மணி நேரத்தை ஒரு நாளாக எடுக்கும். சில இடங்களில் நள்ளிரவு தாண்டினால் புது நாள். சில இடங்களில் நண்பகல். நள்ளிரவுக் கணக்கு உள்ள இடத்தில் இரவு 10 மணிக்குச் சேர்ந்தவருக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முழு வாடகை. எந்தக் கணக்கு என்று சேரும் படிவத்தில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். இப்போது அது இருப்பது பெரும்பாலும் கவுண்டரில் இருப்பவர் வாயில்தான்.

அறை வகை பற்றி ஒரு குடும்பத்துக்கும் சேரும்போது சரியாகச் சொல்வதில்லை. பெரும்பாலான தனியார் மருத்துவமனைகளில் அறை உயர்ந்தால் வாடகை மட்டும் உயர்வதில்லை. அதே மருத்துவரின் விசிட், அதே ஆபரேஷன், அதே ஸ்கேன் கட்டணமும் உயரும். சர்ஜன் கட்டணம் உயர்ந்தால், அதன் சதவீதமாகப் போடப்படும் மயக்க மருந்து நிபுணர் கட்டணமும் உதவி சர்ஜன் கட்டணமும் கூடவே ஏறும். காப்பீடு இருப்பவருக்கு இதற்கு மேல் ஓர் அடி உண்டு. பாலிசியில் ‘நாள் வாடகை காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம்’ என்று இருந்து, தொகை 5 லட்சம் என்றால், வாடகை வரம்பு 5,000 ரூபாய். ‘எட்டாயிரம் ரூம்தான் இருக்கு சார், மூவாயிரம் வித்தியாசம் கட்டிடுங்க’ என்று சொல்வார்கள். நான்கு நாளுக்கு 12,000 கூடுதல் என்று குடும்பம் நினைக்கும். கணக்கு அப்படி ஓடாது. காப்பீடு 5,000-க்கும் 8,000-க்கும் உள்ள விகிதத்தில், அதாவது 62.5 சதவீதம்தான், மருத்துவர், தியேட்டர், மயக்க மருந்துக் கட்டணங்களுக்கும் தரும். அவை 1,20,000 என்றால் 75,000 கிடைக்கும், 45,000 கையிலிருந்து போகும். வாடகை வித்தியாசம் 12,000 சேர்த்தால் 57,000. ஐசியு தவிர்த்த அறை நாளுக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால் 2022 ஜூலை 18 முதல் முழு வாடகைக்கும் 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. எட்டாயிரத்துக்கு நாளுக்கு 400 வீதம் 1,600. மூவாயிரம் வித்தியாசம் என்று சொல்லப்பட்டது கடைசியில் 58,600 ஆகிறது.

இதில் குடும்பத்துக்குச் சாதகமான விதிகளும் உள்ளன. மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ், இம்பிளான்ட் (உடலுக்குள் பொருத்தும் கருவி), பரிசோதனை ஆகியவற்றில் இந்த விகித வெட்டு கூடாது. ஐசியு கட்டணத்திலும் கூடாது. அறை வகைக்கு ஏற்பக் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனையில் வெட்டே கூடாது. 2020-இல் ஐஆர்டிஏஐ இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே மருத்துவமனையில் காப்பீட்டுக் கோரிக்கைகளைக் கவனிக்கும் டிபிஏ டெஸ்க்கில் முதல் கேள்வி ‘என் பாலிசியில் வாடகை வரம்பு எவ்வளவு’ என்பதாக இருக்கட்டும். தகுதியான அறை காலியில்லை என்றால், ‘தகுதி அறை காலியில்லாததால் உயர்ந்த அறை தரப்பட்டது, தகுதி அறைக் கட்டணமே வசூலிக்கப்படும்’ என்று எழுதி வாங்க முயல வேண்டும். எழுதித் தர மறுத்தால் கீழ் வகை அறையோ பகிர்வு அறையோ எடுப்பதே மேல். இந்தக் கணக்கைச் சேரும் நேரத்தில் எழுத்தில் விளக்கிக் கையெழுத்து வாங்குவதை மருத்துவமனையின் பொறுப்பாக நீங்கள் ஆக்க வேண்டும்.

கேஷ்லெஸ் டிஸ்சார்ஜின்போது காப்பீட்டு நிறுவனம் இறுதி அனுமதிக் கடிதம் ஒன்று அனுப்பும். நோயாளி கட்ட வேண்டிய தொகை அதில் தனியாக இருக்கும். மருத்துவமனைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் உள்ள ஒப்பந்தக் கழிவும் (தள்ளுபடி) அதில் தனி வரியாகக் காட்டப்படும். அந்தக் கழிவை நோயாளியிடம் கேட்கக்கூடாது என்பது பொதுவாக அந்த ஒப்பந்தத்தின் நிபந்தனை. கடிதத்தின் நகலை வாங்காமல் பணம் கட்டக்கூடாது. டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்த 3 மணி நேரத்துக்குள் அனுமதி தர வேண்டும், தாமதத்தால் மருத்துவமனை கூடுதலாக வாங்கும் தொகையைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும் என்று ஐஆர்டிஏஐயின் 2024 மே மாதச் சுற்றறிக்கை சொல்கிறது. ‘அப்ரூவல் வரல, இன்னொரு நாள் வாடகை’ என்ற வரியைப் பார்த்தால் இதை நினைவூட்டலாம்.

இனி மருந்து விலை. எம்ஆர்பிக்கு மேல் விற்கக்கூடாது, எம்ஆர்பி எல்லா வரியும் சேர்ந்தது என்று எல்லாருக்கும் தெரியும். உள்நோயாளிக்குத் தரும் மருந்துக்கு ஜிஎஸ்டி தனியாகப் போடுவது தவறு என்பது அவ்வளவாகத் தெரியவில்லை. ஆனால் பெரிய தொகை எம்ஆர்பிக்கு உள்ளேயே ஒளிந்திருக்கிறது. விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துக்குத்தான் உச்ச விலை. பட்டியலில் இல்லாத மருந்துக்கும், ஊசி, கிளவுஸ், ஐவி செட் போன்றவற்றில் பலவற்றுக்கும் உற்பத்தியாளர் விரும்பிய எம்ஆர்பி அச்சிடலாம். வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது மட்டுமே கட்டுப்பாடு. முதல் விலையே பல மடங்காக அச்சிட்டுவிட்டால் அந்தக் கட்டுப்பாட்டுக்கு அர்த்தமில்லை. மருத்துவமனை அதைக் குறைந்த விலைக்கு மொத்தமாக வாங்கி, எம்ஆர்பிக்கு நோயாளிக்குத் தரும். விலை நிர்ணய ஆணையமான என்பிபிஏ, டெல்லி வட்டாரத்தின் நான்கு பெரிய மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட அறிக்கையில், இந்த லாபம் சில பொருள்களில் 1,737 சதவீதம் வரை போனதாகச் சொன்னது. பில்லில் மருந்து, பொருள், பரிசோதனை மூன்றும் சேர்ந்து சுமார் 46 சதவீதம் என்றும் சொன்னது. ‘எங்க பார்மசியிலதான் வாங்கணும்’ என்ற வற்புறுத்தலுக்கு வேர் இங்கேதான்.

மருந்தை எங்கே வாங்குவது என்று தேர்ந்தெடுப்பது நோயாளியின் உரிமை என்று மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளிகள் உரிமைச் சாசனம் சொல்கிறது. உள்மருந்தகத்தில் வாங்கக் கட்டாயப்படுத்துவது பற்றிய வழக்கில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், இதில் கொள்கை வகுக்க வேண்டியது மாநில அரசுகள் என்று விட்டது. அதாவது பந்து உங்கள் பக்கம் இருக்கிறது. ‘மருந்தை வெளியே வாங்கி வரலாம்’ என்ற பலகை ஒவ்வொரு மருத்துவமனை பார்மசி வாசலிலும் தமிழில் இருக்க வேண்டும். உள்ளே சேர்ந்திருக்கும்போது அவசர ஊசியை வெளியே தேடி ஓடச் சொல்வது சரியல்ல. குளிர்ச்சியில் வைக்க வேண்டிய மருந்தின் தரத்தைப் பற்றி மருத்துவமனை கவலைப்படுவதிலும் நியாயம் உண்டு. ஆனால் டிஸ்சார்ஜின்போது ஒரு மாதத்துக்குத் தரும் மாத்திரைகளுக்கு அந்தக் காரணம் பொருந்தாது. அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ மூலப்பெயரைச் சொல்லி விலை கேட்கலாம். பட்டியல் மருந்தின் உச்ச விலையை என்பிபிஏவின் ‘பார்மா சஹி தாம்’ செயலியில் பார்க்கலாம்.

அடைத்த இதய ரத்தக்குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் உச்ச விலை வந்தது, அதே ஆண்டு ஆகஸ்டில் முழங்கால் மூட்டு இம்பிளான்டுக்கும் வந்தது. ஸ்டென்டின் விலை, பிராண்ட், தயாரித்தவர், பேட்ச் எண் ஆகியவற்றைப் பில்லில் தனியாகக் காட்ட வேண்டும் என்பது அந்த ஆணையின் பகுதி. ‘ஆஞ்சியோபிளாஸ்டி பேக்கேஜ்’ என்று ஒரே தொகையாகப் போட்டால் அது ஆணைக்கு மாறானது. ஸ்டென்ட் பெட்டியில் உரித்து ஒட்டும் ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்று கேஸ் ஷீட்டில் ஒட்டப்படும், ஒன்றை நோயாளி கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு ஸ்டென்டுக்குப் பணம் என்றால் இரண்டு ஸ்டிக்கர், இரண்டு வேறு எண். கூடவே ஸ்டென்டைப் பொருத்தப் பயன்படும் பலூன், கைடு வயர், கதீட்டர் எத்தனை என்று கேட்க வேண்டும். ஸ்டென்டுக்கு உள்ளது போன்ற உச்ச விலை இவற்றுக்கு இல்லை. ஸ்டென்டில் குறைந்தது இங்கே கூடிவிடலாம்.

ரத்தத்தை விற்கக்கூடாது, பதப்படுத்தும் கட்டணம் மட்டுமே வாங்கலாம். ரத்தக் கூறைப் பொறுத்து அது 250 முதல் 1,550 ரூபாய் வரை. கூடுதல் பரிசோதனை செய்திருந்தால் அதை மட்டும் தனியாகக் காட்ட வேண்டும். தானம் தர ஆளும் கேட்டு, ‘ரத்த விலை’ என்றும் போட்டால் கேள்வி கேளுங்கள். ஏற்றிய பைகளின் எண் கேஸ் ஷீட்டில் இருக்கும். ஒதுக்கி வைத்து ஏற்றாத பைக்குப் பணம் வாங்கினார்களா என்று அதை வைத்தே தெரிந்துவிடும்.

பேக்கேஜ் என்றால் எல்லாம் அடக்கம் என்று நினைப்பது இயல்பு. அதில் எது சேராது என்ற பட்டியலே முக்கியம்: இம்பிளான்ட், ரத்தம், ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனைகள், விலையுயர்ந்த ஆன்டிபயாடிக், குறித்த நாளுக்கு மேல் தங்குவது. சிக்கல் வந்தால் பேக்கேஜ் ரத்தாகி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பணம் போடும் ‘ஓப்பன் பில்’ ஆகும் என்று படிவத்தின் கடைசியில் ஒரு வரி இருக்கும். அப்படி மாறினால் முதல் நாளிலிருந்தா, சிக்கல் வந்த நாளிலிருந்தா என்று எழுத்தில் கேட்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் லட்சத்தைத் தொடலாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை, அனுமதி பெற்ற சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக்கூடாது. அப்படியிருந்தும் ‘இது நல்ல இம்பிளான்ட்’, ‘அட்மிஷனுக்கு முந்தின ஸ்கேன்’ என்று வெளியே ஒரு தொகை, பெரும்பாலும் ரசீது இல்லாமல் கேட்கப்படுகிறது. கூலி வேலை செய்து கட்டும் பணம் அது. 1800 425 3993 என்ற திட்டத்தின் எண்ணும் ‘பணம் தர வேண்டாம்’ என்ற வாசகமும் திட்டத்தில் உள்ள ஒவ்வொரு மருத்துவமனையின் பில்லிங் கவுண்டர் கண்ணாடியில் ஒட்டப்பட வேண்டும்.

பில் தகராறுக்காக நோயாளியையோ உடலையோ நிறுத்தி வைக்கக்கூடாது என்பது உரிமைச் சாசனத்தில் உள்ளது. ஆனால் டிஸ்சார்ஜ் அன்று மதியம், அம்மாவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு மகன் கவுண்டரில் நிற்கும் நேரத்தில், சாசனத்தைக் காட்டி வாதாட யாருக்கும் தெம்பு இருக்காது. அதனால்தான் தினப் பில் கேட்கிறோம். அந்த நிலைமைக்கு வந்துவிட்டவர்களுக்கு ஒரு வழி: தகராறு இல்லாத தொகையைக் கட்டிவிட்டு, மீதியை ‘மறுப்புடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கட்டுங்கள். முழு பில், பார்மசி விவரம், ரிட்டர்ன் விவரம், எல்லா ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். கேஸ் ஷீட் நகலுக்கு எழுத்தில் மனு கொடுங்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிப்படி 72 மணி நேரத்தில் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும். கேஸ் ஷீட் கைக்கு வந்த பிறகுதான் மேலே சொன்ன எண்ணிக்கைக் கணக்கெல்லாம் ஆதாரமாகும். முதலில் மருத்துவமனைக்கு, வரிகளைக் குறிப்பிட்டு, திருப்பித் தர வேண்டிய தொகையைச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். ‘பில் அதிகம்’ என்று பொதுவாக எழுதினால் பதில் வராது. ‘14-ஆம் தேதி, இந்த ஊசி, பில்லில் 4, சார்ட்டில் 2’ என்று எழுதினால் வரும். பணியவில்லை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண், அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். தவறு காப்பீட்டு நிறுவனத்தின் வெட்டில் இருந்தால், அவர்களிடம் புகார் கொடுத்து, ஒரு மாதத்தில் தீராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஐஆர்டிஏஐயின் எண் 155255.

இந்த வழிகள் எல்லாமே பணம் போன பிறகு ஓடும் ஓட்டம். மளிகைக் கடையில்கூடப் பருப்பு எத்தனை கிலோ, கிலோ என்ன விலை என்று எழுதித்தான் தருகிறார்கள். ஒரு குடும்பம் நகையை வைத்துக் கட்டும் மருத்துவ பில்லில் அந்த அளவு விவரம் கட்டாயமில்லை என்பதை எங்களால் ஏற்க முடியவில்லை.

‘தனியாருக்கு அரசு எப்படி ஆணையிடும்’ என்ற தயக்கம் தேவையில்லை. கொரோனாக் காலத்தில், 2020 ஜூனில், இதே தமிழ்நாடு அரசு தனியார் மருத்துவமனைகளைத் தரம் பிரித்து, பொது வார்டுக்கு நாளுக்கு 7,500 அல்லது 5,000, ஐசியுவுக்கு 15,000 என்று உச்சவரம்பே போட்டது. நாங்கள் இங்கே உச்சவரம்பு கேட்கவில்லை. அது பெரிய விவாதம், சிறிய மருத்துவமனைகளின் செலவுகளையும் பார்த்துத்தான் செய்ய வேண்டும். கேட்பது விவரம் மட்டும். மருத்துவ நிறுவனங்களுக்கான மத்தியச் சட்டத்தின் 2012 விதிகள், ஒவ்வொரு சேவைக்கும் என்ன கட்டணம் என்று ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் பார்வைக்கு வைக்க வேண்டும் என்கின்றன. நமக்குத் தனிச் சட்டம் இருப்பதால் அந்த விதி இங்கே நேராகப் பொருந்தாது. அதே வாசகத்தை நம் விதிகளில் சேர்ப்பதற்கு என்ன தடை?

பில்லிங் மென்பொருள் வைத்திருக்கும் மருத்துவமனைக்குத் தினப் பில் அச்சிடுவது ஒரு பொத்தான் வேலை. முன்பணம் குறையும்போது ‘இன்டரிம் பில்’ என்று அவர்களே எடுத்துக் கொடுக்கிறார்கள். கையால் எழுதும் சிறிய மருத்துவமனைகளுக்கு ஆறு மாதம் அவகாசமும், உங்கள் துறையே தயாரித்த ஒரு தமிழ்ப் படிவமும் கொடுங்கள். முதலில் நூறு படுக்கைக்கு மேல் உள்ள சென்னை மருத்துவமனைகளில் தொடங்குங்கள். பதிவைப் புதுப்பிக்க வரும் ஒவ்வொரு மருத்துவமனையிடமும், நோயாளி பெயரை மறைத்த பத்து பில்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதைப் பார்க்க உங்கள் அலுவலகத்தில் ஒரு பார்மசிஸ்ட்டும் ஒரு கணக்கரும் போதும். பில் புகாருக்கென்று டி.எம்.எஸ். வளாகத்தில் ஒரு தனி மேசையும், 30 நாளில் எழுத்துப்பூர்வமான பதிலும் இருந்தால், நாங்கள் பார்க்கும் பில்களை வரி எண்ணோடு நேராக அங்கேயே கொண்டுவந்து தருகிறோம். படிவத்தின் மாதிரி ஒன்றை நாங்களே எழுதி வைத்திருக்கிறோம். நேரம் கொடுத்தால் எடுத்து வருகிறோம்.

இப்படிக்கு,
சென்னையில் மருத்துவ பில்களைச் சரிபார்க்கும் பணியில் இருப்போர்